நைட் என்றால் இரவா, வீரனா? ஒரே ஒலியில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தான் எழுதிய விடுப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். முதல் வரியிலேயே சிவப்பு மையில் ஒரு வட்டம். தலைமை ஆசிரியரைக் குறிக்கும் பிரின்சிபல் வரவேண்டிய இடத்தில், கொள்கையைக் குறிக்கும் பிரின்சிபிள் உட்கார்ந்திருந்தது. “மிஸ், ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்குது? அப்புறம் எதுக்கு ரெண்டு ஸ்பெல்லிங்?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல், ஐம்பது ஜோடிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் வழக்கம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை டெஸ்டில் இருபதுக்கு இருபது வாங்குவார்கள். அடுத்த மாதம் கட்டுரை எழுதும்போது பழைய தவறு அப்படியே திரும்பி வரும். அவள் கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கிய பிறகுதான் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றினேன். அந்த முறைதான் கீழே இருக்கிறது.

தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஆற்றின் கரை, சட்டையில் பட்ட கறை. நம்மில் பெரும்பாலானோர் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. பக்கத்து மலையாளத்தில் இன்றும் ரகரமும் றகரமும் தெளிவாக வேறு வேறு. நம் பேச்சில் அந்த வேறுபாடு தேய்ந்துபோனது. எழுத்து மட்டும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் பெரும்பாலும் நடந்தது இதுதான். இன்று ஒன்றாகக் கேட்கும் இரண்டு சொற்கள் ஒரு காலத்தில் இரண்டு விதமாக ஒலித்தவை, அல்லது இரண்டு வேறு ஊர்களிலிருந்து வந்தவை. தேவையில்லாமல் நிற்பதுபோல் தெரியும் எழுத்து அந்தப் பழைய வாழ்க்கையின் தடயம். தடயத்தைப் படிக்கத் தெரிந்தால் மனப்பாடம் பாதியாகக் குறைந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லின் ஒலியைத் தமிழ் எழுத்தில் தருவேன், பொருளைச் சொல்லுவேன். ஆங்கில எழுத்துக்கூட்டலை நீங்கள் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு நான் சொல்லும் குறிப்போடு ஒப்பிடுங்கள். கண்ணால் படித்துக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். கை எழுதும்போதுதான் எது தெரியாது என்பது வெளிவரும்.

முதல் படி: உங்கள் தவறுகளை நீங்களே சேகரியுங்கள்

யாரோ போட்ட பட்டியல் உங்களுக்கு வேண்டாம். அதில் உள்ள ஐம்பதில் நாற்பதை நீங்கள் ஏற்கெனவே சரியாகத்தான் எழுதுவீர்கள். மீதிப் பத்து எவை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வீட்டில் ஒருவரை ஆங்கிலச் செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, கேட்டு எழுதுங்கள். ஆள் இல்லையென்றால் நீங்களே ஃபோனில் வாசித்துப் பதிவு செய்து, இரண்டு நாள் கழித்துப் போட்டுக் கேட்டு எழுதலாம். ஒரு வாரம் செய்தால் போதும். அதோடு, நீங்கள் அனுப்பிய பழைய மின்னஞ்சல்களையும் திறந்து பாருங்கள். அவசரத்தில் எழுதியவற்றில்தான் உண்மையான தவறுகள் கிடக்கும்.

கிடைத்தவற்றை ஒரு நோட்டில் இப்படி எழுதுங்கள். இடப்பக்கம் ஒலியை மட்டும் தமிழில்: நைட். வலப்பக்கம் அந்த ஒலிக்குரிய ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியத்துக்குள். இரண்டு சொற்களையும் வாக்கியம் இல்லாமல் மொட்டையாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதவே எழுதாதீர்கள். அப்படி எழுதினால் மனதில் ஜோடியாக ஒட்டிக்கொள்ளும், எது எந்தப் பொருளுக்கு என்பதுதான் கலங்கும். முடிந்தால் ஒன்றை இன்று எழுதுங்கள், மற்றதை நாலு நாள் கழித்து.

இரண்டாம் படி: தினமும் வருகிற சின்னச் சொற்களை முதலில் முடியுங்கள்

கர்னல், ஐல் மாதிரி அபூர்வச் சொற்களில் தவறினால் வருடத்துக்கு ஒரு முறைதான் தெரியும். தேர், இட்ஸ், யுவர், டூ ஆகியவற்றில் தவறினால் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். அதனால் இவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஹியர், தேர், வேர். நம் இங்கே, அங்கே, எங்கே. தமிழில் மூன்றுக்கும் ‘ங்கே’ பொதுவாக இருப்பதுபோல, ஆங்கிலத்தில் மூன்றுக்குள்ளும் ‘இங்கே’ என்ற ஹியர் அப்படியே இருக்கிறது. எழுதிப் பாருங்கள்: எச், இ, ஆர், இ. அங்கே என்பதற்கு முன்னால் ஓர் எழுத்து கூடும். எங்கே என்பதற்கும் அப்படியே. இடத்தைச் சொல்கிற சொல் என்றால் உள்ளே இந்த நாலு எழுத்தும் இருக்க வேண்டும். காதால் கேட்பதைச் சொல்லும் ஹியருக்குள் இருப்பது காது, அதாவது இயர்.

‘அவர்களுடைய’ என்னும் தேர் இடக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. அதன் சொந்தக்காரர் ‘அவர்கள்’ என்னும் தே. அந்தக் குடும்பமே ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் குடியேறிய வட ஐரோப்பியர்களின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. தே என்று எழுதி, கடைசி ஒய்யை எடுத்துவிட்டு ஐ, ஆர் சேர்த்தால் ‘அவர்களுடைய’ வந்துவிடும். மூன்றாவது தேர் ‘தே ஆர்’ என்பதன் சுருக்கம். விட்டுப்போன எழுத்துக்கு அடையாளமாக மேலே ஒரு கொக்கி.

அந்தக் கொக்கி, அபாஸ்ட்ரஃபி, இட்ஸ் விஷயத்தில் பெரியவர்களையும் தடுமாற வைக்கிறது. காரணம் இருக்கிறது. ராமுடைய, சீதாவுடைய என்று எழுதக் கொக்கி போடுகிறோம். அதனால் ‘அதனுடைய’ என்பதற்கும் போட வேண்டும் என்று கை தானாகப் போகிறது. ஆனால் ஹிஸ், ஹர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ் எதற்கும் கொக்கி இல்லை. ‘அதனுடைய’ இட்ஸ் இவர்கள் வரிசையில் உட்காரும் சொல். அதுவும் கொஞ்சம் தாமதமாக வந்த சொல்: 1600 வாக்கில்தான் பரவத் தொடங்கியது, அதற்கு முன் அஃறிணைக்கும் ஹிஸ்தான். தொடக்கத்தில் பலர் அதையும் கொக்கியோடுதான் எழுதினார்கள். ஆகவே இது நமக்கு மட்டும் வரும் தடுமாற்றம் அல்ல. சோதிக்க ஒரே வழி: வாக்கியத்தில் அதை ‘இட் இஸ்’ என்று விரித்து வாசியுங்கள். பொருந்தினால் கொக்கி போடுங்கள். பொருந்தாவிட்டால் போடாதீர்கள். யுவர், ஹூஸ் இரண்டுக்கும் இதே சோதனைதான்.

டூ மூன்று. எண்ணைக் குறிக்கும் டூவில் யாரும் உச்சரிக்காத டபிள்யூ ஒன்று நிற்கிறது. அதன் சொந்தங்களைக் கூப்பிட்டுப் பாருங்கள்: ட்வின், ட்வைஸ், ட்வெல்வ், ட்வென்டி, பிட்வீன். எல்லாவற்றிலும் இரண்டு என்ற பொருள், எல்லாவற்றிலும் அந்த டபிள்யூ சத்தமாகக் கேட்கிறது. இதை ஒரு முறை பார்த்த பிள்ளை அந்த எழுத்தை விடவே மாட்டாள். ‘கூட’, ‘மிதமிஞ்சி’ என்ற பொருளில் வரும் டூவுக்கு ஓ ஒன்று கூடுதல். மிச்சம் இருக்கும் சாதாரண டூவுக்கு ஓர் ஓ.

மூன்றாம் படி: சொந்தக்காரர்களைக் கூப்பிடுங்கள்

டூவில் செய்ததை மற்றச் சொற்களிலும் செய்யலாம். ஒரு சொல்லில் ஊமையாக இருக்கும் எழுத்து அதன் உறவுச் சொல்லில் பேசும். எனக்கு மிகவும் பயன்பட்ட வழி இதுதான்.

ஸைட் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்ட வாங்குகிற ஸைட்டின் உறவு ஸிச்சுவேஷன். இரண்டும் எஸ், ஐ என்று தொடங்கும். மேற்கோள் காட்டுவதைச் சொல்லும் ஸைட்டின் உறவு ஸைட்டேஷன். இரண்டும் சியில் தொடங்கும். பார்வை என்னும் ஸைட், லைட், நைட், பிரைட் மாதிரி நடுவில் ஜி, எச் வைத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும் என்று இணைத்துக்கொள்ளுங்கள்.

காம்ப்ளிமென்ட் இரண்டு. ஒன்றை நிறைவு செய்வது என்றால் அது கம்ப்ளீட்டின் உறவு, அதனால் நடுவில் இ. பாராட்டு என்றால் ஐ.

கடையில் விற்கும் ஸ்டேஷனரிக்கும் அசையாமல் நிற்பதைச் சொல்லும் ஸ்டேஷனரிக்கும் வித்தியாசம் ஓர் எழுத்துதான், ஆனால் அதன் பின்னால் ஒரு சந்தைக் கதை இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் வியாபாரிகள் பலர் ஊர் ஊராகச் சுற்றி விற்றார்கள். ஒரே இடத்தில், பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கு அருகில், நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் ஸ்டேஷனர். இரண்டு சொல்லுக்கும் வேர், நிற்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்தான். ஆனால் பேக்கர் செய்து விற்கும் இடம் பேக்கரி ஆவதுபோல, ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி. பேக்கரியில் இ, தாள், பேனா விற்கும் ஸ்டேஷனரியிலும் இ. நிற்பதற்கு ஏ.

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? விதி என்பதற்கு ஆங்கிலத்தில் ரூல். அது எல், இ என்று முடியும். கொள்கை, நெறி என்ற பொருளில் வரும் பிரின்சிபிளும் எல், இ என்றே முடியும். மற்றது ஏ, எல். பள்ளி முதல்வரும் அதுதான். முதன்மையான எதுவும் அதுதான். வங்கிக் கடனில் வட்டி போக உள்ள அசலும் அதுதான்.

நம் நாட்டில் பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றுவதால் ப்ராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ். எது எது என்று மறந்துபோனால் அட்வைஸைச் சொல்லிப் பாருங்கள். அறிவுரை என்ற பெயர்ச்சொல் மெல்லிய ஸ் ஒலியில் முடியும், அதற்கு சி. அறிவுரை சொல் என்ற வினை தேனீ ரீங்காரம்போல அதிர்ந்து முடியும், அதற்கு எஸ். அட்வைஸில் காதால் பிரித்துக் கேட்பதையே ப்ராக்டிஸுக்கும் பொருத்திக்கொள்ளலாம். அமெரிக்காவில் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ப்ராக்டிஸ் இரண்டுக்கும் சி, லைசென்ஸ் இரண்டுக்கும் எஸ் என்று எழுதிவிடுவார்கள். அங்குள்ளவருக்கு எழுதும்போது அவர்கள் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எழுத்துக்குள் இருக்கும் பழைய ஒலியைக் கேளுங்கள்

உறவுச் சொல் கிடைக்காத ஜோடிகள் நிறைய. அவற்றுக்கு வரலாறுதான் துணை. இந்தப் பகுதிக்கு வரும்போது பிள்ளைகள் விளையாடப் போவதையே மறந்துவிடுவார்கள், அதனால் நானும் இங்கே கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

இரவு என்ற நைட்டுக்கும் குதிரைவீரன் என்ற நைட்டுக்கும் ஒரே வேறுபாடு முன்னால் நிற்கும் கே. பழைய ஆங்கிலத்தில் அந்தக் கே ஒலித்தது. நடுவில் உள்ள ஜி, எச் கூடத் தொண்டையிலிருந்து வரும் ஹகரம்போல ஒலித்தது. க்னிஹ்ட் என்று சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான் பழைய ஒலி. பொருளும் முதலில் பையன், பணியாள் என்பதுதான். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல் இன்றும் க்னெஹ்ட், பணியாள் என்ற பொருளில் இருக்கிறது. முழங்கால் அங்கே க்னீ, கேயோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இரவு நாஹ்ட், வெளிச்சம் லிஹ்ட். ஆங்கிலேயர்கள் வாயிலிருந்து அந்த ஒலிகள் 1700-க்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. கே மட்டும் காகிதத்தில் நின்றுவிட்டது. நோ, நியூ, நாட் என்று தெரிந்துகொள்வது, தெரிந்திருந்தது, முடிச்சு எல்லாவற்றிலும் நிற்கும் கே இதே கதைதான். ரைட் என்று எழுதுவதைச் சொல்லும்போது முன்னால் நிற்கும் டபிள்யூவும் அப்படித்தான்.

ஏன் காகிதத்தில் நின்றது? 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. அதே நூற்றாண்டுகளில்தான் பேச்சு வேகமாக மாறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் வரிசையாக இடம் மாறின. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் இதற்குப் ‘பெரும் உயிரொலி மாற்றம்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார். எழுத்து உறைந்தது, ஒலி நகர்ந்தது. இன்றைய தலைவலி முக்கால்வாசியும் இந்த இடைவெளியில் பிறந்ததுதான்.

சந்திப்பது மீட், இறைச்சி மீட். முதலாவதில் இரண்டு இ, இரண்டாவதில் இ, ஏ. மாற்றத்துக்கு முன் சந்திப்பதை மேட் என்பதுபோல் சொன்னார்கள். இறைச்சியைச் சொல்லும்போது வாய் இன்னும் அகலமாகத் திறந்து, ‘மெ’ என்பதை நீட்டியதுபோல் ஒலித்தது. இ, ஏ என்ற எழுத்துகள் அந்த அகன்ற ஒலிக்கான அடையாளம். பார்க்கும் ஸீக்கும் கடல் ஸீக்கும் இதே வேறுபாடுதான். பின்னால் இரண்டு வரிசையும் ‘ஈ’யில் போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்று சொற்கள் மட்டும் ஊர்வலத்தில் பின்தங்கிவிட்டன: க்ரேட், ப்ரேக், ஸ்டேக். இ, ஏ என்று எழுதிவிட்டு ‘ஏ’ என்று வாசிக்கிறோமே, அவை பழைய ஒலிக்கு நெருக்கமாக நின்றுவிட்டவை. உடைக்கும் ப்ரேக்கில் இ, ஏ இருப்பதற்குக் காரணம் இதுதான். வண்டியின் ப்ரேக்குக்கு ஏ, நடுவில் கே, கடைசியில் இ.

அடுத்து டேல், ஸேல், மேல் வரிசை. வால் என்ற டேல், பாய்மரப் பாய் என்ற ஸேல், தபால் என்ற மேல். இவற்றில் ஏ, ஐ சேர்ந்து வரும். பழைய நாளில் இது ‘அய்’ என்று ஒலித்தது. கதை என்ற டேல், விற்பனை என்ற ஸேல், ஆண் என்ற மேல். இவற்றில் ஏ வந்து, கடைசியில் இ வரும். இது முன்பு நீண்ட ‘ஆ’. பெயர் என்ற நேம் கூட அன்று நாம என்பதுபோல்தான் ஒலித்தது. சமஸ்கிருதத்தின் நாமம் அதற்குத் தூரத்து உறவு என்பது அந்த ஒலியில் பளிச்சென்று தெரிகிறது.

மகன் என்ற ஸன், சூரியன் என்ற ஸன். மகனுக்கு ஏன் ஓ? பழைய ஆங்கிலத்தில் அதற்கும் யூதான். கையால் எழுதிய காலத்து எழுத்துமுறையில் ஐ, யூ, என், எம், வி எல்லாமே குச்சி குச்சியாக இருக்கும். யூவும் என்னும் அடுத்தடுத்து வந்தால் எத்தனை குச்சி என்று எண்ண வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க எழுத்தர்கள் அந்த இடங்களில் வட்டமான ஓவைப் போட்டார்கள் என்பது அறிஞர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். லவ், கம், மங்க் எல்லாவற்றிலும் ‘அ’ ஒலிக்கு ஓ எழுதுவது இதனால்தான்.

ஐந்தாம் படி: பொய்யாக நுழைந்த எழுத்துகளைத் தனியே பிரியுங்கள்

எல்லா ஊமை எழுத்தும் பழைய ஒலியின் தடயம் அல்ல. சில, படித்தவர்கள் தவறாக நினைத்து நுழைத்தவை. இவற்றுக்குப் போய் உறவு தேடினால் குழப்பம்தான் வரும்.

தீவு என்ற ஐலுக்கு நடுவில் உள்ள எஸ் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு நியாயம் உண்டு. ஆனால் ஐலண்ட் தூய பழைய ஆங்கிலச் சொல், அதில் எஸ் இருந்ததே இல்லை. ஐலைப் பார்த்து இதற்கும் ஒட்டிவிட்டார்கள். தேவாலயத்தில், விமானத்தில், சூப்பர் மார்க்கெட்டில் இருக்கைகளுக்கும் அலமாரிகளுக்கும் நடுவே நடக்கும் பாதையும் ஐல்தான். அது சிறகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, அதிலும் எஸ் ஒட்டவைத்ததே. பாதைக்கு முன்னால் ஏ கூடுதலாக வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முழுமை என்ற ஹோலுக்கு முன் நிற்கும் டபிள்யூவும் பின்னால் சேர்த்தது. அதன் உண்மையான உறவுகள் ஹீல், ஹெல்த். அவற்றில் டபிள்யூ ஏது? ஓட்டை என்ற ஹோல் சேர்க்கை இல்லாமல் பழைய உருவத்திலேயே இருக்கிறது.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது கர்னல். ராணுவ அதிகாரி கர்னலும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு கர்னலும் ஒலியில் ஒன்று. அதிகாரியின் எழுத்துக்கூட்டலில் ‘ர்’ ஒலிக்கும் இடத்தில் எல் இருக்கிறது. இத்தாலியச் சொல் கொலொனெல்லோ, படைவரிசையின் தலைவன். பிரெஞ்சில் அது கொரொனெல் ஆனது. இரண்டு வடிவமும் இங்கிலாந்துக்கு வந்தன. கடைசியில் எழுத்தை இத்தாலியிலிருந்தும் ஒலியைப் பழைய பிரெஞ்சிலிருந்தும் வைத்துக்கொண்டார்கள். தமிழில் ஒலியைப் பார்த்து கர்னல் என்று எழுதி நாம் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிவிட்டோம். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கொ-லொ-னெல் என்று மனதுக்குள் வாசித்துக்கொண்டே எழுதுங்கள், தவறாது.

நம் வீட்டோடு தொடர்புள்ள மூன்று

மணி நேரம் என்ற அவரும் ‘நம்முடைய’ என்ற அவரும் ஒரே ஒலி. மணிக்கு முன் எச் இருக்கிறது. கிரேக்கத்தில் ஹோரா, லத்தீனில் ஹோரா. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்கச் சொல் இன்னொரு பக்கம் சமஸ்கிருதத்தில் ஹோரா ஆகி, தமிழில் ஓரை ஆனது. நம் பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று பார்க்கிறோமே, அதே ஓரை. எச் எழுத மறக்கும் பிள்ளைகளிடம் ஹோரை என்று சொல்லச் சொல்வேன்.

தபால் என்ற மேல் பழைய பிரெஞ்சில் பையைக் குறித்தது. கடிதப் பை, அதைச் சுமக்கும் வண்டி, பிறகு அதில் வரும் கடிதம் என்று பொருள் நகர்ந்தது. ஹவுரா மெயில், மங்களூர் மெயில் என்று நாம் ரயிலுக்குச் சொல்லும் பெயரில் அந்தத் தபால் பை இன்னும் இருக்கிறது.

மூன்றாவது கேஷ். ரொக்கம் என்ற கேஷ், ஒளித்து வைத்த சேமிப்பு என்ற கேஷ். கம்ப்யூட்டரில் கேஷ் மெமரி என்கிறோமே, அது இரண்டாவது. ஒளிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, அதனால்தான் நடுவில் சி, எச், கடைசியில் இ. ரொக்கம் என்ற கேஷ் நம் காசிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். அது முழுச் சரியல்ல. பணம் வைக்கும் பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆனால் அதே எழுத்தில் இன்னொரு கேஷ் ஆங்கிலத்தில் உண்டு: கிழக்கு நாடுகளின் சில்லறை நாணயத்துக்கு வைத்த பெயர். அதுதான் தமிழ்க் காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைப் பகுதிக்காக 1808-ல் அடித்த செப்பு நாணயத்தில் இருபது கேஷ் என்றே பொறித்திருக்கிறது. அந்த நாணயங்களை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையை விட்டு வெளியேறும் முன்பே மூழ்கியது. நம் காசு ஆங்கில அகராதிக்குள் நிச்சயமாக இருக்கிறது, தனிச் சொல்லாக.

ஆறாம் படி: நம் வாயில் மட்டும் ஒன்றாகும் சொற்களைப் பிரியுங்கள்

இதைப் பெரும்பாலான பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. சில ஜோடிகள் ஆங்கிலத்தில் ஒரே ஒலி அல்ல. நாம்தான் ஒன்றாக்கிச் சொல்கிறோம். தமிழில் ஒரே வகரம். அதனால் பனியன் வெஸ்ட்டும் மேற்கு வெஸ்ட்டும், கொடி என்ற வைனும் திராட்சை மது வைனும் நமக்கு ஒன்று. வி எழுத்துக்குக் கீழுதட்டில் மேல்பல் பட வேண்டும். டபிள்யூவுக்குப் பல் படாது, உதடு குவிய வேண்டும். கண்ணாடி முன் நின்று பத்து முறை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். ஒலி பிரிந்துவிட்டால் எழுத்துக்கூட்டல் தானாகச் சரியாகும்.

விலை என்ற பிரைஸ், பரிசு என்ற பிரைஸ் இன்னொன்று. பரிசு அதிர்ந்து முடியும், அதனால் இஸட். தளர்ந்த லூஸ், தொலைக்கும் லூஸ் இரண்டிலும் அப்படியே: தொலைப்பது அதிரும், அதற்கு ஓர் ஓ. ஓட்டல் போர்டுகளில் பார்க்கும் அறைத் தொகுதியை நாம் ஸூட் என்கிறோம். ஆங்கிலத்தில் அது இனிப்பு ஸ்வீட்டோடு ஒரே ஒலி.

நாட்டுக்கு நாடும் மாறும். தெற்கு இங்கிலாந்தில் பிடித்தது என்ற காட்டும் நீதிமன்றம் என்ற கோர்ட்டும் ஒன்றாக ஒலிக்கும். ஆர் எழுத்தை அழுத்திச் சொல்லும் அமெரிக்கர்களுக்கு அவை வேறு வேறு. ஆகவே ஒரு பட்டியலில் இருப்பது இன்னொன்றில் இல்லையே என்று கலங்க வேண்டாம்.

ஏழாம் படி: கண்ணால் சரிபாருங்கள், காதை நம்பாதீர்கள்

எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார் என்பது நல்ல அறிவுரை. இந்தத் தவறுகளுக்கு மட்டும் அது உதவாது, ஏனென்றால் தவறான சொல்லும் சரியாகவே ஒலிக்கும். கம்ப்யூட்டரின் ஸ்பெல் செக்கும் இவற்றில் பலவற்றை விட்டுவிடும், இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள்தானே. ஃபோனில் பேசி எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இயந்திரம் ஒலியைக் கேட்டு ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

அதற்குப் பதில், நோட்டில் சேகரித்த உங்கள் பத்துச் சொற்களையும் ஒவ்வொன்றாக ஆவணத்தில் தேடுங்கள். தேர் என்று தேடினால் எட்டு இடம் வருகிறதா, எட்டிலும் நின்று பொருளைக் கேளுங்கள். முக்கியமான கடிதம் என்றால் கடைசி வாக்கியத்தில் தொடங்கி, ஒவ்வொரு வாக்கியமாக மேல்நோக்கி வாருங்கள். கதை ஓட்டம் இல்லாததால் கண் ஒவ்வொரு சொல்லிலும் நிற்கும். நோட்டை முதல் நாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று திறந்து, தமிழ் ஒலியை மட்டும் பார்த்து வாக்கியங்களை எழுதிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் சரியாக எழுதினால் அந்தச் சொல்லை அடித்துவிடலாம்.

இப்போது எழுதிப் பாருங்கள்

ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட ஒலிக்குரிய ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள்.

ஆடித் தள்ளுபடி விற்பனை: ஸேல்.
படகின் பாய் கிழிந்தது: ஸேல்.
குதிரையின் கடிவாளம்: ரெய்ன்.
ராணியின் ஆட்சி: ரெய்ன்.
பூ: ஃப்ளவர்.
கோதுமை மாவு: ஃப்ளவர்.
எஃகுப் பாத்திரம்: ஸ்டீல்.
திருடுவது: ஸ்டீல்.

விற்பனைக்குக் கடைசியில் இ, படகுப் பாய்க்கு ஏ, ஐ. கடிவாளத்தில் இ, ஐ மட்டும். ஆட்சியில் நடுவே ஜி உண்டு, அரசனைக் குறிக்கும் லத்தீன் வேரின் மிச்சம், நம் ராஜாவுக்கும் அது உறவு. பூவும் மாவும் ஒரே சொல்லாக இருந்தவை: அரைத்த தானியத்தில் மிக நயமான பகுதியை அதன் ‘பூ’ என்றார்கள், பிறகு குழப்பம் தவிர்க்க எழுத்தைப் பிரித்தார்கள். பூவுக்கு டபிள்யூ, மாவுக்கு யூ. எஃகுக்கு இரண்டு இ. திருடுவதற்கு இ, ஏ. பதுங்கிச் செய்வதைச் சொல்லும் ஸ்டெல்த் அதன் பிள்ளை, ஹீலுக்கு ஹெல்த்போல. எது தவறியதோ அதை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில், ஒரு வாக்கியத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.